பத்து ராகங்களும் ஒரு டிஸ்கோத் தாளமும்



பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சரித்திரம் படித்த மாணவர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்னர் என்னைக் காண வீட்டிற்கு வந்திருந்தார். இப்பொழுது அவருக்கே ஐம்பது வயது நெருங்குகிறது. சிற்றுண்டி அருந்தி, பழைய கதைகளைப் பேசி முடித்த பிறகு, தம் பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சார், இது 1982-ஆம் ஆண்டு பம்பாயில் வெளிவந்த தட்டு. இது உலகத்துக்கே ஒரு புதிய இசையைத் தந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். வெறும் வேடிக்கை, இதில் ஒன்றுமில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நீங்கள் சரித்திரம் சொல்லித் தந்தவர், நீங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார்.

தட்டின் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. 'டிஸ்கோத் தாளத்தில் பத்து ராகங்கள்' என்று அதைத் தமிழாக்கலாம். வாசித்தவர் பெயர் சரண்ஜித் சிங். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சிகளை விசாரிப்பது முறையாகையால், அவரிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் கேட்டதையும் படித்ததையும்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் டிஸ்கோ என்றால் என்ன என்பதைக் கூற வேண்டும். உங்களுள் பலர் அச்சொல்லை உங்கள் பெற்றோர் வாயிலாகத்தான் கேட்டிருப்பீர்கள். பாட்டுக்குழு இல்லாமல் இசைத்தட்டுக்களை மட்டும் சுழலவிட்டு ஆடும் நடனக்கூடத்திற்குப் பிரெஞ்சு மொழியில் 'டிஸ்கோதேக்' என்று பெயர். அதன் சுருக்கமே டிஸ்கோ. 1970-களில் நியூயார்க் முதலிய அமெரிக்க நகரங்களில், பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்கரும் தன்பால் விருப்பினரும் கூடிய நடனக்கூடங்களில் இந்த இசை வளர்ந்தது. இதன் இலக்கணம் மிக எளிது. நிமிஷத்திற்கு ஏறத்தாழ நூற்றிருபது அடிகள். நான்கு அடிகள் கொண்ட ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் பெருமுரசு நான்கு அடியிலும் ஒரே சீராக விழும். நம் ஆதிதாளத்தில் தட்டும் வீச்சும் விரல் எண்ணிக்கையும் வேறுபட்டு நிற்பதுபோல அங்கே வேறுபாடு கிடையாது. எல்லா அடியும் ஒரே எடை. ஆடுகிறவனுடைய கால் வழி தவறாது.

1977-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' என்ற திரைப்படமும், பீ ஜீஸ் குழுவினரின் பாடல்கள் நிறைந்த அதன் இசைத்தட்டும் வெளிவந்தன. நடனக்கூடத்து இசை வீட்டுக்கு வீடு புகுந்தது. புகுந்த வேகத்திலேயே வெறுப்பும் எழுந்தது. 1979-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் சிகாகோ நகரத்து பேஸ்பால் மைதானம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு டிஸ்கோத் தட்டைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு நுழைவுக் கட்டணம் வெறும் 98 சென்ட். சேர்ந்த தட்டுக்களை ஒரு பெட்டியில் குவித்து, இரண்டு ஆட்டங்களுக்கு இடையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்திற்குள் பாய்ந்தது, தரை குழியாயிற்று, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. ஒரு வகைப் பாட்டின்மேல் மனிதனுக்கு இத்தனை ஆத்திரம் எங்கிருந்து வருகிறது? தட்டின் மீதிருந்த கோபத்தில், அந்தத் தட்டுக்கு ஆடிய மக்களின் மீதிருந்த கோபமும் கலந்திருந்தது என்று பின்னால் எழுதிய பலர் கருதினர். எனக்கும் அது சரியென்றே படுகிறது. வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தீயை மூட்டியவர் ஒரு வானொலிக்காரர் அல்லவா!

அமெரிக்காவில் டிஸ்கோவுக்கு ஈமக்கிரியை நடந்துகொண்டிருந்த வேளையில் இந்தியாவில் அதற்குப் பிறந்தநாள் நடந்தது. 1980-இல் 'குர்பானி' என்ற இந்திப் படத்தில், கராச்சியில் பிறந்த நாஸியா ஹசன் என்னும் சிறுபெண் ஒரு பாட்டுப் பாடினாள். அதற்கு இசையமைத்த பித்து பெங்களூரில் பிறந்து லண்டனில் புகழ்பெற்றவர். அடுத்த ஆண்டே இருவரும் சேர்ந்து 'டிஸ்கோ தீவானே' என்ற தட்டை வெளியிட்டனர். 1982-இல் பப்பி லாஹிரியின் இசையோடு 'டிஸ்கோ டான்ஸர்' வந்தது. அதே ஆண்டு நம் ஊரில் 'சகலகலா வல்லவன்' வந்தது. அதன் புத்தாண்டுப் பாட்டை இன்னும் ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்பொழுது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. தேநீர்க் கடையில் டிஸ்கோ, திருமண வீட்டு ஒலிபெருக்கியில் டிஸ்கோ, தையற்கடைப் பலகையில்கூட 'டிஸ்கோ டைலர்ஸ்' என்ற பெயர். பெட்டிக்கடையில் 'டிஸ்கோ முறுக்கு' என்று ஒன்று விற்றதாகவும் ஞாபகம்.

இந்தச் சந்தடியில்தான் சரண்ஜித் சிங் தம் தட்டைப் பதிவு செய்தார்.

அவர் பம்பாய்த் திரையுலகின் வாத்தியக்காரர். பாட்டில் பெயர் வராத மனிதர்களுள் ஒருவர். ஷங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் போன்றோரின் இசைக்குழுக்களில் கித்தாரும் விசைப்பலகை வாத்தியங்களும் வாசித்தவர். திரைப்பாடல்களை வாத்தியத்தில் மட்டும் இசைத்த தட்டுக்களும் வெளியிட்டிருந்தார். திருமணங்களிலும் கேளிக்கைகளிலும் வாசிக்கத் தனிக்குழுவும் வைத்திருந்தார். புதிய கருவி எது வந்தாலும் வாங்கிப் பார்க்கும் ஆவல் உடையவர். அந்த ஆவலில் ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் செய்த மூன்று கருவிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தார்.

இம்மூன்றையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; வழக்கின் உயிர்நாடியே இவற்றில்தான் இருக்கிறது. முதலாவது ஜூபிட்டர்-8 என்னும் சிந்தசைசர். சிந்தசைசர் என்பது மின்னோட்டத்தின் அதிர்வையே நாதமாக மாற்றித் தரும் கருவி. கம்பியும் இல்லை, துளையும் இல்லை, தோலும் இல்லை. இரண்டாவது டிஆர்-808 என்னும் தாளப்பெட்டி. முரசு, ஜாலரா, கைத்தட்டு ஆகியவற்றின் ஒலிகளை மின்சுற்றுக்களாலேயே உண்டாக்கி, சொன்ன வரிசையில் சலியாமல் அடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் டிபி-303. 1981-ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த ஒரு சிறிய வெள்ளிநிறப் பெட்டி. தனியே கித்தார் பயில்வோருக்குத் துணையாக, கீழ்ஸ்தாயி கித்தார்க்காரன் ஒருவன் உடன் வாசிப்பதுபோல் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அதைச் செய்தார்கள். ஆனால் அது கித்தார் போல ஒலிக்கவே இல்லை. தண்ணீருக்குள் தவளை கத்துவது போன்ற ஒரு விசித்திர நாதம். அதற்குச் சுரங்களைச் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாடு. ஏறக்குறைய பத்தாயிரம் பெட்டிகளோடு 1984-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் தோற்றுப்போன பெட்டியில் ஓர் அம்சம் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவாமல், இடைவெளியின்றி வழுக்கிச் செல்ல அதனால் முடியும். நம் சங்கீதத்தில் ஜாரு என்றும், இந்துஸ்தானியில் மீண்ட் என்றும் சொல்லுகிறோமே, அதன் நிழல் போன்ற ஒன்று. கருவியைச் செய்த ஜப்பானியர் நம் ராகங்களை நினைத்து அதைச் செய்யவில்லை. கையில் எடுத்தவர் ராகத்தை நினைத்தார்; அவ்வளவுதான்.

படங்களில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோவாக இருந்ததால், அதே தாளத்தை வைத்துக்கொண்டு வேறு எதையாவது செய்வோமே என்று எண்ணியதாகச் சரண்ஜித் சிங் பிற்காலத்தில் கூறினார். தபலாவை நிறுத்திவிட்டுத் தாளப்பெட்டியை ஓட்டினார். டிபி-303 அடிநாதமாக ஓடிக்கொண்டேயிருக்க, மேலே ஜூபிட்டரில் ராகத்தை வாசித்தார். லலித், பூபாளி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி முதலிய பத்து ராகங்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து நிமிஷம். இந்திய கிராமபோன் கம்பெனி அதை வெளியிட்டது.

தட்டு விலைபோகவில்லை. டிஸ்கோ விரும்பியவர்களுக்கு அதில் பாட்டும் இல்லை, பாடகியும் இல்லை. ராகம் விரும்பியவர்களுக்கு அதில் ஆலாபனையும் இல்லை, தபலாவும் இல்லை. இரண்டு வீட்டாரும் பெண் கொடுக்க மறுத்த மாப்பிள்ளையின் கதிதான்.

இவ்விடத்தில் என்னுடைய குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு, நான் வேலை பார்த்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மாமா வாங்கிக் கொடுத்த சிறிய மின்விசைப் பலகையில் மோகனராக வர்ணத்தை டிஸ்கோத் தாளத்தோடு வாசித்துக் காட்டினான். நான் முழுவதும் கேட்கவில்லை. "வர்ணத்தை இப்படியா கொலை செய்வது?" என்று சொல்லிப் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் கருவியை உறையில் இட்டுக்கொண்டு போனான். சரண்ஜித் சிங்கின் தட்டில் பூபாளியைக் கேட்டபோது அந்த உறையின் நிறம்கூட எனக்கு நினைவு வந்தது. பூபாளிதான் நமக்கு மோகனம்.

தட்டின் கதை இருபது ஆண்டுகள் உறங்கிற்று. 2002-இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய இந்தியத் தட்டுக்களைச் சேகரிப்பவர், தில்லியில் ஒரு கடையில் இதைக் கண்டெடுத்தார். கேட்டவர் திகைத்தார். பின்னர் பம்பாயில் வாழ்ந்த சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்து, 2010-இல் தட்டை மீண்டும் வெளியிட்டார். ஐரோப்பிய இளைஞர் உலகில் ஒரே பரபரப்பு. '1982-இல் இப்படி ஒரு தட்டு இருந்திருக்க முடியாது, யாரோ ஓர் ஆங்கிலேய இசைக்காரர் பொய்ப்பெயரில் செய்த விளையாட்டு' என்று சிலர் அடித்துக் கூறினர். ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைப்பவர்மேல் சந்தேகம் விழுந்தது! பழைய தட்டின் பிரதிகள் இருந்தன. வாசித்தவரும் உயிரோடு இருந்தார். ஆகவே அந்த ஐயம் நிற்கவில்லை. ஓர் ஆவணம் நம் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தால் அதைப் போலி என்று சொல்லிவிடும் அவசரம் கல்வெட்டு ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று.

அவர்கள் திகைத்ததற்குக் காரணம் உண்டு. அதே சிகாகோ நகரத்தில், தட்டுக்களை வெடிவைத்துத் தகர்த்த பின்னும் டிஸ்கோ சாகவில்லை. 'வேர்ஹவுஸ்' என்ற நடனக்கூடத்தில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அதைத் தம் வழியில் வளர்த்தார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற இசைவகைக்குப் பெயர் வந்தது. 1980-களின் நடுவில் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள், கடையில் மலிவாகக் கிடைத்த பழைய டிபி-303 பெட்டி ஒன்றை வாங்கினர். அதன் கையேட்டின்படி வாசிக்காமல், ஒரே சுரக்கோவையை ஓடவிட்டு, நாதத்தை மாற்றும் திருகுகளைத் திருகிக்கொண்டே போனார்கள். பதினோரு நிமிஷத்துக்கு மேல் நீளும் அந்தப் பதிவு 'ஆஸிட் டிராக்ஸ்' என்ற பெயரில் 1987-இல் வெளிவந்தது. அதிலிருந்து கிளைத்த 'ஆஸிட் ஹவுஸ்' இசை இங்கிலாந்துக்குச் சென்று, ஒரு தலைமுறை இளைஞரின் வாழ்க்கை முறையையே மாற்றியது.

அந்த இசையைக் கேட்ட காது, 1982-ஆம் ஆண்டுப் பம்பாய்த் தட்டைக் கேட்டால் என்ன எண்ணும்? அதே பெட்டி, அதே முரசு, அதே வழுக்கும் அடிநாதம். ஐந்து ஆண்டுகள் முந்தியது. 'ஆஸிட் ஹவுஸின் தந்தை ஒரு சீக்கியர்' என்ற எழுத்து எங்கும் பரவியது. நம் நாட்டு ஏடுகளும் பெருமையோடு அதை எடுத்தாண்டன.

நண்பர்களே, 'முதன்முதலில்' என்ற சொல் சரித்திரத்தில் மிகவும் ஆபத்தானது. வகுப்பறையில் இதை நான் பலமுறை சொன்னதுண்டு. மறுப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. இதைப் பார்த்து யாரும் எதையும் செய்யவில்லை. டிபி-303-ஐ அதே 1982-இல் இங்கிலாந்தில் ஹெவன் 17, ஆரஞ்ச் ஜூஸ் ஆகிய குழுவினரும் தம் பாடல்களில் பயன்படுத்தினர். மேலும், ஆஸிட் ஹவுஸின் உயிர் திருகுகளைத் திருகி நாதத்தைக் கொதிக்கவிடுவதில் இருக்கிறது. சரண்ஜித் சிங்கின் தட்டில் கவனமெல்லாம் மேலே செல்லும் ராகத்தில் இருக்கிறது. அடிநாதம் அதற்குப் பணியாள். இன்னொன்றும் கூறுகின்றனர்: சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள், தங்கள் இசையைப் பகிரங்கமாகத் தகர்த்த ஊரில் அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள், அந்தப் பெருமையை ஒரு வேடிக்கைத் தலைப்புக்காக அவர்களிடமிருந்து பறிக்கலாமா? இந்தக் கடைசி வாதம் என் மனத்தைத் தைத்தது. நம்மவர் ஒருவருக்குப் புகழ் கிடைக்கிறது என்ற மகிழ்ச்சியில், அது யாருடைய பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று நாம் பார்ப்பதில்லை.

மறுபக்கத்தார் மெண்டலை உதாரணம் காட்டலாம். பட்டாணிச் செடிகளின் மரபுப் பண்புகளைப் பற்றி அவர் 1866-இல் வெளியிட்ட கட்டுரையின் பெருமையை 1900 வரை எவரும் உணரவில்லை. பின்பு மூவர் தனித்தனியே அதே முடிவுக்கு வந்து, மெண்டலைக் கண்டெடுத்தனர். யாரும் பின்பற்றாததால் அவர் முதல்வர் இல்லை என்று ஆகுமா? ஆகாது. ஆனால் மெண்டல் எந்தக் கேள்விக்கு விடை தேடினாரோ, அதே கேள்விக்குத்தான் அம்மூவரும் விடை தேடினார்கள். சரண்ஜித் சிங் ஆஸிட் ஹவுஸைத் தேடவில்லை. ராகம் வாசித்தார். ஆகவே அந்த உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அப்படியானால் இரண்டும் ஏன் அத்தனை ஒத்திருக்கின்றன? கருவி ஒன்று என்பது பாதிக் காரணம். மற்ற பாதியை நான் எங்கும் படிக்கவில்லை. என் காதில் பட்டதைச் சொல்கிறேன். மேல்நாட்டு டிஸ்கோவில் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கள் மாறிக்கொண்டே செல்லும். அடிநாதமும் அவற்றோடு இடம்பெயரும். நம் சங்கீதத்தில் சுருதி அசையாது. ஷட்ஜம் நின்ற இடத்தில் நிற்க, ராகம் அதைச் சுற்றி வருகிறது. ஆகவே சரண்ஜித் சிங்கின் அடிநாதம் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. சிகாகோ இளைஞர்களும், வேறொரு வழியில், சுரக்கூட்டு மாற்றத்தைக் கைவிட்டு ஒரே கோவையைச் சுழலவிட்டார்கள். ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு இருவரும் ஒரே பொருளைக் கழித்தார்கள். மிச்சம் ஒன்றுபோல் வந்தது. இதில் தந்தை-மகன் உறவு எதுவும் தேவைப்படவில்லை. மாணவரிடம் நான் சொன்ன தீர்ப்பின் முதற்பகுதி இதுதான்.

இரண்டாம் பகுதி சங்கீத வித்துவான்களின் வழக்கு. ராகத்தை இப்படி வாசிக்கலாமா என்பது. இது புதிய வழக்கன்று. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவு செய்தபோது, ஒரு தட்டில் மூன்று நிமிஷந்தான் இடம். மணிக்கணக்கில் பாடும் ராகத்தை மூன்று நிமிஷச் சிமிழில் அடைப்பதா என்று பல பெரியவர்கள் பதிவுக்கு வரவே மறுத்தனர். கௌஹர் ஜான் பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவித்தார். அந்தக் காலப் பாட்டைப் பற்றி இன்று நாம் நேரடியாக எதையேனும் அறிகிறோம் என்றால், இணங்கி வந்தவர்களின் தயவால்தான்.

வானொலியின் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. 1940-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. இரவீந்திரநாத் தாகூரும் அந்தத் தடையை விரும்பியவர்தாம். ஆர்மோனியத்தின் சுரங்கள் சம அளவில் வெட்டி வைத்தவை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. கமகம் இல்லாத இடத்தில் ராகம் இல்லை என்பது குற்றச்சாட்டு. 1971-இல்தான் தடை தளர்ந்தது. 1952-இல் திரைப்பாடல்களையும் அவ்வாறே ஒடுக்கினார்கள். நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கி அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் ஆர்மோனியத் தடையை முழு முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதே அளவுகோலால் இந்தத் தட்டையும் அளக்கலாம்.

அளந்து பார்த்தேன். பத்து ராகங்களில் பூபாளி, கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய நான்கும் ஐந்து சுர ராகங்கள். நமக்கு அவை மோகனம், வலஜி, ஹிந்தோளம், ரேவதி. இவற்றில் சுரங்களின் இடையே நல்ல இடைவெளி இருப்பதால், கமகம் குறைந்தாலும் ராகத்தின் முகம் அழிவதில்லை. இயந்திரம் ஓடினாலும் ராகம் தெரிகிறது. சில இடங்களில் மிகவும் அழகாகவே தெரிகிறது. டிபி-303-இன் வழுக்கலும் அங்கே கைகொடுக்கிறது. தோடியில் நிலைமை வேறு. இந்துஸ்தானித் தோடி ஏறக்குறைய நம் சுபபந்துவராளி. அதன் காந்தாரம் சற்றுக் கீழே சாய்ந்து நிற்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் அதன் துயரம் இருக்கிறது. சம அளவில் வெட்டிய விசைப்பலகையில் அந்தக் காந்தாரம் விறைத்து நிற்கிறது. மேலும் டிபி-303 வழுக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் வழுக்குகிறது. மீண்ட் வாசிக்கும் சிதார்க்காரரோ, எங்கே தயங்குவது, எங்கே விரைவது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்கிறார். ஆகவே வித்துவான்களின் வழக்கில் பாதி வெற்றி அவர்களுக்கு. தாளப்பெட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது ராகம் முடிவதற்குள் அது என்னைக் களைப்படையச் செய்துவிட்டது.

ஆனால் இந்த வழக்குகளில் எவரும் அதிகமாகப் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. பம்பாயிலும் சென்னையிலும் திரையிசைக்கென்று பெரிய வாத்தியக் குழுக்கள் இருந்தன. வயலின்காரர்கள் மட்டுமே பலர் வரிசையாக அமர்ந்து வாசித்த காலம் அது. சிந்தசைசரும் பின்னர்க் கணினியும் வந்து, 1990-களின் இறுதிக்குள் அந்தக் குழுக்கள் பெரும்பாலும் கலைந்தன. பத்துப் பேர் வேலையை ஒரு பெட்டி செய்தது. அந்தப் பெட்டியை ஆவலோடு முதலில் வாங்கியவர்களுள் ஒருவரும் அதே குழுக்களில் வாசித்த ஒரு தொழிலாளியே. தம் தோழர்களின் பிழைப்பை மாற்றப்போகும் கருவி என்று அவர் நினைத்திருப்பாரா? நினைத்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன். புதிய கருவி அவருக்குப் புதிய சந்தர்ப்பம். வாழ்நாள் முழுவதும் பிறர் மெட்டுக்களை வாசித்த கைக்கு, சொந்தமாக ஒன்றைச் செய்ய ஒரு வாரமோ இரண்டு வாரமோ கிடைத்தது. பிற்காலத்தில் அவரே சொன்னார்: மற்றத் தட்டுக்களில் நான் வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டுக்கள், இது ஒன்றுதான் என்னுடையது, நான் செய்தவற்றில் சிறந்ததும் இதுவே என்ற கருத்துப்பட. ஆஸிட் ஹவுஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் பெரிதாக ஒன்றும் உரிமை கொண்டாடவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய நிலையில் அவருக்கு ஐரோப்பாவிலிருந்து அழைப்பு வந்தது. தம் பேரர் வயதுடைய இளைஞர்கள் முன் அந்த ராகங்களை வாசித்தார். அவர்கள் ஆடினார்கள். 2015-ஆம் ஆண்டு ஜூலையில் மும்பையில் காலமானார். மறுபதிப்புக்கும் மறைவுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகள் ஒரு பிழையான பட்டத்தினால் கிடைத்தவை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஆஸிட் ஹவுஸின் தந்தை' என்று யாரும் எழுதியிராவிட்டால் அந்தத் தட்டை இத்தனை பேர் தேடியிருக்கமாட்டார்கள், நானும் கேட்டிருக்கமாட்டேன். சரித்திர ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பட்டத்தை நான் மறுக்கிறேன். அதனால் விளைந்த நன்மையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று என் மாணவர் கேட்டார். தெரியவில்லை என்றுதான் விடை சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்த அன்று மாலை, தட்டைச் சுழலவிட்டோம். மால்கௌன்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 1983-ஆம் ஆண்டு விழாவில் என்னால் பெயரடிக்கப்பட்ட அந்தப் பையன் இப்பொழுது எங்கே இருக்கிறான் என்று அவரிடம் கேட்டேன். அவருக்கு மேல்வகுப்புப் பையன் அவன். பெயர் நினைவிருந்தது, இருப்பிடம் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. அவள் சிறுவயதில் பத்து ஆண்டுகள் வாய்ப்பாட்டுப் பயின்றவள்.

"ஹிந்தோளம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கொட்டுக்காரனை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போய்க் காபி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்" என்றாள்.